வில்கி காலின்ஸ்

கதை கேட்பதில் விருப்பமில்லாதார் உலகில் இலர். கதைகள் பலவற்றுள்ளும், மறைபொருள் ஒன்றை உள்ளே வைத்துப் படிப்படியாக வெளிப்படுத்தும் மருமக் கதை இளையோரையும் முதியோரையும் ஒருங்கே ஈர்க்கும் ஆற்றலுடையது. இத்தகைய கதையில், நிகழ்ந்தது யாது என்பதைப் போலவே, நிகழ்ந்ததைக் கூறுபவர் யார் என்பதும் முதன்மையானது. கூறுபவர் அனைத்தும் அறிந்தவராயின், அறிந்ததை அவர் படிப்போரிடம் வேண்டுமென்றே ஒளிக்க நேரும், அது நேர்மையன்று. கூறுபவர் ஒன்றுமே அறியாதவராயின், கதை நடைபெறாது. இவ்விடர்ப்பாட்டை நன்குணர்ந்து அதனைக் கடக்க வழி கண்டவர் ஆங்கில நாட்டு எழுத்தாளர் வில்கி காலின்ஸ் ஆவார்.

இளமை

வில்கி காலின்ஸ் 1824ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 8ஆம் நாள் இலண்டன் மாநகரில் மேரிலிபோன் என்னும் பகுதியில் பிறந்தார். தந்தையார் வில்லியம் காலின்ஸ், இயற்கைக் காட்சிகளைத் தீட்டுவதில் பெயர் பெற்ற ஓவியர். தாயார் ஹாரியட் என்பவர். தந்தையாரின் நண்பரும் புகழ் வாய்ந்த ஓவியருமாகிய டேவிட் வில்கியின் பெயரே குழந்தைக்கு இடப்பட்டது. பிறந்தபொழுதே அவருடைய நெற்றியின் வலப்புறம் சற்றுப் புடைத்திருந்தது. வளர்ந்த பின்னும் அவர் குள்ளமான உருவமும், மிகச் சிறிய கைகால்களும், கூர்மை குறைந்த கண்பார்வையும் உடையவராகவே இருந்தார். ஆயினும் இக்குறைகள் அவருடைய உள்ளத்தின் ஊக்கத்தைக் குறைத்தில.

1836ஆம் ஆண்டு முதல் 1838ஆம் ஆண்டு வரை அவருடைய குடும்பம் பிரான்சிலும் இத்தாலியிலும் தங்கியது. அந்நாட்டு ஓவியங்களையும் மாந்தரையும் கண்டு பெற்ற அறிவு, பள்ளிப் பாடங்களினும் மிகுதியாகத் தமக்குப் பயன்பட்டதாக அவர் பிற்காலத்தில் கருதினார். நாடு திரும்பியபின் அவர் விடுதிப் பள்ளி ஒன்றில் சேர்க்கப்பட்டார். அங்கே உறங்கும் கூடத்தில் மூத்த மாணவன் ஒருவன், இரவுதோறும் தனக்குக் கதை சொல்லுமாறு அவரை வற்புறுத்துவான்; மறுத்தால் அடிப்பான். அடிக்கு அஞ்சிய சிறுவர் நாள்தோறும் புதுக்கதை புனைந்தார். கேட்பவன் உறங்கிவிடாமல் அடுத்தது யாதென்று ஏங்கும்படி கதையை நடத்தும் திறன் தம்மிடம் உண்டென்பதை அவர் உணர்ந்தது அக்கூடத்தின் இருளிலேதான்.

வணிகமும் சட்டமும்

1841ஆம் ஆண்டில், தம் 17ஆம் வயதில், அவர் இலண்டன் நகரத் தேயிலை வணிக நிலையம் ஒன்றில் பணிபுரியத் தொடங்கினார். அங்கே ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கழிந்தன. கணக்குத் தாள்களுக்கிடையே கதைகள் எழுதுவதே அவருக்கு உவப்பாயிருந்தது. 1843ஆம் ஆண்டில் அவருடைய பெயர் தாங்கிய சிறுகதை ஒன்று இதழில் வெளிவந்தது. மகனுக்கு வணிகத்தில் நாட்டமில்லை என்பதைக் கண்ட தந்தையார், 1846ஆம் ஆண்டில் அவரைச் சட்டம் பயிலச் செய்தார். மறு ஆண்டே தந்தையார் மறைந்தார். அவருடைய வாழ்க்கை வரலாற்றை மைந்தர் எழுதி 1848ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதுவே வில்கி காலின்ஸின் முதல் நூலாகும். 1850ஆம் ஆண்டில் உரோமாபுரியின் வீழ்ச்சியைப் பொருளாகக் கொண்ட 'அந்தோனினா' என்னும் புதினம் வெளியாயிற்று.

1851ஆம் ஆண்டில் அவர் வழக்கறிஞராகும் தகுதி பெற்றார். ஆயினும் ஒரு நாளேனும் அத்தொழிலை நடத்தினாரல்லர். எனினும் சட்டக் கல்வி வீண் போகவில்லை. வழக்கு மன்றத்தில் உண்மை எவ்வாறு காணப்படுகின்றது? சான்றாளர் பலர் ஒருவர்பின் ஒருவராகக் கூண்டில் ஏறுகின்றனர். ஒவ்வொருவரும் தாம் கண்டதையே கூறுதல் வேண்டும்; பிறர் கூறக் கேட்டதைத் தாம் கண்டதாகக் கூறுதல் கூடாது. ஒருவர் கூற்று முழு உண்மை ஆவதில்லை. அனைத்தையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும்பொழுதே உண்மை புலப்படுகின்றது. இம்முறை அவருடைய உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

டிக்கன்ஸின் நட்பு

1851ஆம் ஆண்டில் பிறிதொரு நற்பேறும் வாய்த்தது. அக்காலத்து ஆங்கிலப் புதின ஆசிரியருள் தலைசிறந்து விளங்கிய சார்லஸ் டிக்கன்ஸின் அறிமுகம், நாடகம் ஒன்றில் இருவரும் சேர்ந்து நடித்தபொழுது ஏற்பட்டது. டிக்கன்ஸ் 12 ஆண்டுகள் மூத்தவர். நட்பு விரைவில் வளர்ந்தது. 1856ஆம் ஆண்டில் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் காலின்ஸ் நிலையான எழுத்தாளரானார். அவ்வாண்டில் இருவரும் பாரிஸ் நகர வீதிகளில் உலாவியபொழுது, பழைய புத்தகக் கடை ஒன்றில் பிரெஞ்சு நாட்டுப் புகழ் பெற்ற வழக்குகளின் தொகுதிகள் சில காலின்ஸின் கண்ணிற்பட்டன. அவற்றை வாங்கி வந்தார். அத்தொகுதியில் ஒரு சீமாட்டியின் வழக்கு இருந்தது. உறவினர் சூழ்ச்சியால் அவள் அடைத்து வைக்கப்பட்டாள். இறந்துவிட்டாளென்று ஊரார் நம்புமாறு செய்யப்பட்டது. அவள் சொத்து பறிக்கப்பட்டது. அவ்வழக்கே 'வெள்ளாடை மங்கை' என்னும் பெரும் புதினத்திற்கு வித்தாயிற்று.

வெள்ளாடை மங்கை

அப்புதினம் 1859ஆம் ஆண்டு நவம்பர் முதல் 1860ஆம் ஆண்டு ஆகஸ்டு வரை டிக்கன்ஸின் புதிய வார இதழில் தொடர்ந்து வெளிவந்தது. கடிதங்களால் இயன்ற புதினங்கள் ஆங்கிலத்தில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இருந்தன. காலின்ஸ் செய்த புதுமை வேறு. அவர் கதையை ஒரு வழக்காக அமைத்து, மாந்தரைச் சான்றாளராக நிறுத்தினார். ஓவிய ஆசிரியர் ஒருவர் தொடங்க, குடும்ப வழக்கறிஞர் தொடர்கின்றார். மேரியன் என்னும் அறிவுடைய நங்கையின் நாட்குறிப்பு அடுத்து வருகின்றது. வீட்டு மேற்பார்வைப் பெண்ணும், சமையற்காரியும், மருத்துவரும் தத்தம் வாக்குமூலத்தைத் தருகின்றனர். கல்லறைமேற் பொறித்த எழுத்தும் சான்றாகின்றது. அக்கல்லோ பொய் கூறுகின்றது!

இம்முறையின் ஆற்றலை ஓர் இடம் தெளிவாகக் காட்டும். பகைவரின் சூழ்ச்சியை ஒளிந்திருந்து கேட்ட மேரியன், மழையில் நனைந்து நோயுற்ற நிலையில், கேட்டவற்றை நாட்குறிப்பில் எழுதுகின்றாள். எழுத்துத் தளர்ந்து சிதைகின்றது. அடுத்து வரும் பகுதியை எழுதுபவள் மேரியன் அல்லள். பகைவனாகிய பாஸ்கோ பிரபுவே! அவன் அந்நாட்குறிப்பு முழுவதையும் படித்துவிட்டு, அவளுடைய அறிவைப் பாராட்டி அதே ஏட்டில் எழுதுகின்றான். எவரும் அறியாததென்று படிப்போர் நம்பியிருந்த ஏடு பகைவன் கையில் உள்ளது என்பதை உணரும்பொழுது உள்ளம் திடுக்கிடுகின்றது. ஆசிரியர் தாமே இதனைக் கூறியிருப்பின் அத்திடுக்கீடு தோன்றியிராது. எழுதும் கை மாறியதனாலேயே அது தோன்றிற்று.

நூலின் புகழ் நாடெங்கும் பரவிற்று. மகளிர் தொப்பிகளுக்கும் நறுமணப் பொருள்களுக்கும் அப்புதினத்தின் பெயரையே இட்டனர். அவ்வேளையில் 'டைம்ஸ்' நாளிதழில் வெளிவந்த மதிப்புரை ஒன்று, கதையின் முடிச்சுக்கே ஆதாரமான நாள்கணக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் பிழைபட்டுள்ளது என்று சுட்டிக் காட்டியது. காலின்ஸ் சினந்தாரல்லர், அடுத்த பதிப்பில் நாள்களைத் திருத்தி அமைத்தார். சான்றுகளால் இயன்ற கதையில் ஒரு நாள் பிறழினும் முழுக் கட்டடமும் சாயும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

சந்திரகாந்தக் கல்

அவருடைய புகழுக்கு முடியாக விளங்குவது 'மூன்ஸ்டோன்' என்னும் புதினம். சந்திரகாந்தக் கல் என்பது அப்பெயரின் பொருள். 1868ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் முதல் ஆகஸ்டு 8ஆம் நாள் வரை அது வார இதழில் வெளிவந்தது. ஐரோப்பிய அரசர்களிடம் சேர்ந்த இந்திய வைரங்களைப் பற்றிய செய்திகளே கதைக்கு அடிப்படை. அவற்றுள் ஒன்று கோகினூர். மற்றொன்று உருசிய நாட்டுச் செங்கோலிற் பதித்த வைரம். இப்பின்னது நம் திருவரங்கக் கோயிலினின்று கவரப்பட்டதென்று ஒரு வழக்கு உண்டு.

கதை 1799ஆம் ஆண்டில் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை வீழ்ந்த நாளில் தொடங்குகின்றது. திப்பு சுல்தானின் படைக்கலச் சாலையில் இருந்த வைரம் ஒன்றை ஆங்கிலப் படைத்தலைவன் ஒருவன் கொலை செய்து கவர்கின்றான். அது முன்னாளில் திங்கட் கடவுளின் திருவுருவில் விளங்கிய கல். ஆண்டுகள் பல கழிந்தபின், 1848ஆம் ஆண்டில், அது ரேச்சல் என்னும் ஆங்கில நங்கைக்குப் பிறந்தநாட் பரிசாக வந்து சேர்கின்றது. அன்றிரவே அது மறைந்துவிடுகின்றது. எடுத்தவர் யார்?

இவ்வினாவிற்கு விடை காணும் பொருட்டு, பிராங்க்ளின் பிளேக் என்னும் இளைஞர், நிகழ்ந்தவற்றை எழுதித் தருமாறு பலரையும் வேண்டுகின்றார். தாம் நேரில் அறிந்ததையே எழுத வேண்டும் என்பதும், பின்னர் அறிந்ததை முன்னரே கூறலாகாது என்பதும் அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை. இதனால் எவரும் பொய் கூறாமலே மறைபொருள் காக்கப்படுகின்றது.

முதலில் எழுதுபவர் பெட்டரெட்ஜ் என்னும் முதிய இல்லக் கண்காணிப்பாளர். இன்னல் வந்தபொழுதெல்லாம் 'இராபின்சன் குரூசோ' நூலைப் பிரித்து அதில் வழி தேடுவது அவர் வழக்கம். அவருடைய நடை வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசுவது போன்றது; சொல்ல வந்ததை விட்டு விலகும்; மீண்டும் வரும். அடுத்து எழுதுபவள் கிளாக் என்னும் பெண். தன்னைப் பெரும் பக்தையாகக் கருதும் அவள், சமயத் துண்டு நூல்களைப் பிறர் வீட்டில் மூலைதோறும் ஒளித்து வைப்பவள். தன் நற்பண்பைத் தானே புகழ்ந்து எழுதுகின்றாள். படிப்போரோ அவ்வெழுத்தினூடே அவளுடைய பொறாமையையும் பேராசையையும் காண்கின்றனர். அவளைப் பற்றி ஆசிரியர் ஒரு சொல்லும் கூறவில்லை. அவளுடைய நடையே அவளைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றது. பின்னர் எழுதும் வழக்கறிஞர் பிரப்பின் நடை அளந்து பேசும் நடை. ஒருவர் நடை மற்றொருவர் நடையோடு கலவாதவாறு அமைத்தது அரிய திறன் அன்றோ?

துப்பறிய வருபவர் கப் என்னும் காவல் அலுவலர். 1860ஆம் ஆண்டில் ரோடு என்னும் ஊரில் நிகழ்ந்த கொலை வழக்கைத் துப்பறிந்த ஜோனதன் விச்சர் என்பவரே இப்பாத்திரத்திற்கு முன்மாதிரி என்பர். அவ்வழக்கில் இரவு உடை ஒன்று காணாமற்போனது. கதையிலும் இரவு உடையே திறவுகோலாயிற்று. புதிதாய்ச் சாயம் பூசிய கதவில் யாருடைய உடையோ உராய்ந்த தடம் உள்ளது. அதனை அற்பமென்று தள்ளிய உள்ளூர் அதிகாரியைக் கப் கண்டிக்கின்றார். உலகில் அற்பமானது எதுவுமில்லை என்பது அவர் கொள்கை. சாயம் படிந்த உடையைக் கண்டுபிடித்தால் எடுத்தவரையும் கண்டுபிடிக்கலாம்.

அவ்வுடையைப் பணிப்பெண் ரோசன்னா புதைமணலில் மறைத்து வைத்துவிட்டு உயிர் துறந்துவிட்டாள். ஓராண்டு கழித்து, அவள் விட்டுச் சென்ற குறிப்பைக் கொண்டு பிராங்க்ளின் அப்பெட்டியை வெளியில் எடுக்கின்றார். சாயம் படிந்த உடை உள்ளே இருக்கின்றது. அதில் தைத்த பெயரைப் படிக்கின்றார். அது அவருடைய பெயரே! கள்வனைத் தேடியவரே வைரத்தை எடுத்தவர் என்று தெரிகின்றது. மருத்துவர் ஒருவர் அவருக்குத் தெரியாமல் அபினி கலந்த மருந்தைக் கொடுத்திருந்தமையால், தம்மை அறியாத மயக்கத்தில், வைரத்தைக் காக்கும் எண்ணத்தோடு அவர் அதனை எடுத்தார். பின்னர் அது யார் கைக்குச் சென்றது என்பதை நூலிலே கண்டு மகிழ்தல் வேண்டும்.

இவ்விடத்தில் ஒன்று நோக்கத்தக்கது. அவர் வைரத்தை எடுத்ததை ரேச்சல் கண்ணாற் கண்டிருந்தாள். தான் அன்பு கொண்டவரைக் காட்டிக்கொடுக்க மனமின்றி அவள் வாய் திறவாதிருந்தாள். இத்தனை பேரை எழுதவைத்த ஆசிரியர், உண்மை அறிந்த அவளுக்கு மட்டும் ஒரு பகுதியும் அளித்திலர். யாரைப் பேசவைப்பது என்பதைப் போலவே, யாரைப் பேசாமல் வைப்பது என்பதும் கதைக் கலையின் ஒரு கூறு என்பதை இது காட்டுகின்றது.

நோயிடை எழுந்த நூல்

இந்நூல் எழுந்த சூழ்நிலை துன்பம் மிக்கது. தொடர் வெளிவரத் தொடங்கியபின் காலின்ஸின் தாயார் நோயுற்று, 1868ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 19ஆம் நாள் இறந்தார். அதே காலத்தில் காலின்ஸைக் கொடிய வாத நோய் பற்றியது. கைகால்கள் முடங்கின, கண்களும் நோவுற்றன. தாயின் இறுதிச் சடங்கிற்கும் அவரால் செல்ல இயலவில்லை. எனினும் வாரந்தோறும் படிப்போர் காத்திருந்தனர். படுக்கையிற் கிடந்தவாறே சில பகுதிகளை அவர் சொல்ல, பிறர் எழுதினர். ஏனைய பெரும்பகுதியை வலி தணிந்த வேளைகளில் தாமே எழுதினார். நகைப்பிற்கிடமான கிளாக்கின் பகுதி, அவர் கண்ணீரும் வேதனையுமாய்க் கிடந்த நாள்களிலேயே உருவாயிற்று. தொடர் ஒரு வாரமும் தடைப்படவில்லை. இதழ் வெளிவரும் நாளில் அலுவலகத்தின் முன் கூலிகளும் ஏவற் சிறுவர்களும்கூடக் கூடி நின்று காத்திருந்தனர் என்று பதிப்பாளர் எழுதி வைத்துள்ளார்.

வலியைத் தணிக்க அவர் உட்கொண்டது அபினி கலந்த மருந்து. அக்காலத்தில் அது தடையின்றிக் கடைகளில் கிடைத்தது. 1868ஆம் ஆண்டுச் சட்டமே அதன் விற்பனைக்கு முதலில் கட்டுப்பாடு விதித்தது. தொடக்கத்தில் துணையாக வந்த மருந்து, பின்னர் ஆண்டானாகி அவரை அடிமை கொண்டது. கதையில் எஸ்ரா ஜென்னிங்ஸ் என்னும் மருத்துவ உதவியாளர் ஒருவர் வருகின்றார். உலகத்தார் வெறுத்து ஒதுக்கிய அவரும் நோயின் வலிக்கு அபினியையே நாடுபவர். நினைவிழந்து பிதற்றிய மருத்துவரின் துண்டு துண்டான சொற்களைக் குறித்து வைத்து, இடைவெளிகளை நிரப்பி, உண்மையைக் கண்டுபிடித்தவர் அவரே. அவர் எழுதிய நாட்குறிப்பில் ஆசிரியரின் வேதனையே ஒலிக்கின்றது எனலாம்.

இந்திய நாட்டைக் காலின்ஸ் கண்டதில்லை. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப்பின் ஆங்கில எழுத்தாளர் பலர் இந்தியரை இழித்தெழுதிய காலம் அது. அத்தகைய காலத்தில், முதற் களவைச் செய்தவன் ஆங்கிலப் படைத்தலைவனே என்று காட்டி அவர் கதையைத் தொடங்கினார். வைரம் மீண்டும் சோமநாதத்தில் திங்கட் கடவுளின் நெற்றியில் ஒளிர்வதைக் காட்டி முடித்தார். மறுபக்கத்தின் வழக்கையும் கேட்டல் வேண்டும் என்னும் அவருடைய நடுவுநிலைமைக்கு இது சான்றாகும்.

இறுதிக் காலம்

1870ஆம் ஆண்டில் டிக்கன்ஸ் மறைந்தார். 1873, 1874ஆம் ஆண்டுகளில் காலின்ஸ் அமெரிக்கா சென்று தம் கதைகளை அவைகளிற் படித்துக் காட்டினார். பின்னர் நோயும் மருந்தும் அவரை வாட்டின. நூல்கள் பல எழுதினும் பழைய ஒளி அவற்றில் குன்றியது. இறுதிப் புதினத்தை முடிக்க இயலாதென்று உணர்ந்ததும், எழுதி வைத்திருந்த விரிவான குறிப்புகளை வால்ட்டர் பெசன்ட் என்னும் எழுத்தாளரிடம் ஒப்படைத்து, முடித்துத் தருமாறு வேண்டினார். பெசன்ட் அவ்வாறே முடித்துக் கொடுத்தார். பலரைக் கொண்டு கதை சொன்னவரின் கடைசிக் கதையும் மற்றொருவர் கையாலேயே நிறைவுற்றது.

1889ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 23ஆம் நாள், தம் 65ஆம் வயதில், காலின்ஸ் இலண்டனில் இயற்கை எய்தினார். கென்சல் கிரீன் என்னும் இடத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 'வெள்ளாடை மங்கை'யையும் பிற புதினங்களையும் எழுதியவர் என்பதைத் தவிர வேறு புகழுரை ஏதும் கல்லில் வேண்டாவென்று அவர் எழுதி வைத்திருந்தார். கல்லறைக் கல்லும் பொய் கூறக்கூடும் என்று காட்டிய ஆசிரியர், தம் கல்லில் உண்மையன்றி வேறெதுவும் இருத்தலாகாது என்று விரும்பினார் போலும்!

அவர் வகுத்த வழியிற் பின்வந்தோர் பலர் சென்றனர். நாட்குறிப்புகளாலும் கடிதங்களாலும் பிராம் ஸ்டோக்கர் 1897ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டிராகுலா'வும், டாரதி சேயர்ஸ் என்னும் அம்மையார் கடிதங்களையும் வாக்குமூலங்களையும் கொண்டு 1930ஆம் ஆண்டில் இயற்றிய துப்பறியும் புதினமும் அவ்வழியில் எழுந்தவையே. கவிஞர் டி. எஸ். எலியட், ஆங்கிலத் துப்பறியும் புதினங்களுள் முதன்மையானதும் சிறந்ததும் 'மூன்ஸ்டோன்' எனப் போற்றினார்.

யானையைத் தடவிக் கண்டோர் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று கூறிய கதையை நம் நாட்டுச் சிறுவரும் அறிவர். அவர்களுள் பொய் கூறியவர் எவருமிலர். முழுமையும் கண்டவரும் எவருமிலர். வில்கி காலின்ஸின் கதைகள் உணர்த்தும் உண்மையும் இதுவே. ஒருவர் சொல்லைக் கேட்டவுடன் மற்றொருவரைக் குற்றவாளி எனத் துணிவது அறமாகாது. சொல்பவர் யார், அவர் எங்கிருந்து கண்டார், காணாதது எது, பேசாதிருப்பவர் யார் என்றெல்லாம் ஆராய்தல் வேண்டும். நோயிலும் துயரிலும் தளராது இப்பாடத்தை இனிய கதையாக்கித் தந்த அப்பெரியார், கற்போர் உள்ளத்தில் என்றும் நிலைத்து நிற்பார்.